ஸ்கோர் என்னன்னு யார் சொல்றது?

எங்க ஊர் கடையில டென்னிஸ் பந்து கேட்டா, "மேட்ச் எங்கப்பா?"ன்னுதான் கேப்பாங்க. விழுப்புரமோ திண்டிவனமோ, டென்னிஸ் பந்துன்னா அது கிரிக்கெட் ஆடத்தான். பேட்டிங் டீம் பையனே அம்பயரா நிப்பான். ரன் அவுட் கேட்டா சண்டை. அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு "நான் டென்னிஸ் அம்பயர் ஆகப்போறேன்"னு சொன்னா கிளாஸ்ல சிரிக்காம என்ன செய்வாங்க? சிரிச்சாங்க. அவங்களுக்கு என் பதில் இதுதான்.

முதல்ல என் சித்தி பையன் கதை. வயசு 12. சித்தப்பா பழைய மட்டை ஒண்ணு வாங்கி, சிமெண்ட் தரையில வலை கட்டிப் பழக்கினார். நல்லாவே ஆடுவான். ஒரு பெரிய ஊர்ல ஜூனியர் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க போனப்புறம்தான் தெரிஞ்சது, சின்னப் பசங்க ஆட்டத்துல கோர்ட்டுக்கு ஒரு அம்பயர் எல்லாம் கிடையாது. அவனவன் பக்கம் விழுற பந்துக்கு அவனவனே "அவுட்" சொல்லணும்.

ரெண்டாவது செட்டுல ஸ்கோர் குழப்பம். இவன் 40-30 தனக்குன்னு சொல்றான், எதிராளி 30-40ங்கறான். முதல் பாயிண்ட் யாருதுங்கறதுதான் தகராறு. எதிராளி அழுத்திச் சொன்னதும் நம்ம பையன் தலையாட்டிட்டான். அடுத்த பாயிண்ட்ல கேம் போச்சு, கொஞ்ச நேரத்துல மேட்சும் போச்சு. "நான்தாண்ணா கரெக்ட்டு"ன்னு பஸ்ல அழுதுக்கிட்டே வந்தான்.

அன்னிக்கு ராத்திரியே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) விதிப்புத்தகத்தை டவுன்லோட் பண்ணினேன். இலவசம்தான். நாற்காலி அம்பயர் இல்லாத ஆட்டத்துக்குன்னே தனிப் பகுதி இருக்கு. அதுல கிட்டத்தட்ட இதே வழக்கு! ரெண்டு பேரும் ஒத்துக்கற பாயிண்ட் எல்லாம் நிக்கும், தகராறான பாயிண்டை மட்டும் திரும்ப ஆடணும். அதாவது 30-30ல இருந்து ஆடியிருக்கணும். "அவுட்" கால்ல சந்தேகம்னா, சுத்தி வர்ற அதிகாரியைக் கூப்பிடலாம். அவர் அந்தப் பந்தைப் பார்க்கலைன்னா எதிராளி சொன்னதுதான் நிக்கும், உண்மைதான். ஆனா அதுக்கப்புறம் கோர்ட் பக்கத்துலயே நின்னு பார்க்கச் சொல்லிக் கேக்கலாம். கூடவே ஒரு விதி: சந்தேகம்னா எதிராளிக்குச் சாதகமாத்தான் சொல்லணும்.

பெரிய அகாடமியில பழகற பசங்களுக்கு இது அத்துப்படி. எங்க பையனுக்கு அதிகாரியைக் கூப்பிடலாம்ங்கறதே தெரியாது. ஃபோர்ஹேண்ட் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தும், விதி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இதைத்தான் நான் அநியாயம்ங்கறேன்.

"இப்ப எல்லாம் மெஷின் வந்துருச்சே, அம்பயர் எதுக்கு?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏடிபி போட்டிகள்ல 2025ல இருந்து எலக்ட்ரானிக் லைன் காலிங்தான். விம்பிள்டனும் அதே வருஷம் கோட்டு நடுவர்களை அனுப்பிட்டது. பிரெஞ்சு ஓபன் மட்டும் 2025லயும் மனுஷங்களையே வச்சிருந்தது. இதுல எனக்கு வருத்தம் உண்டு. கோட்டு நடுவரா ஆரம்பிச்சு மேல போறதுதான் பலருக்கும் வாசல். நுங்கம்பாக்கத்துல 1997ல இருந்து 2017 வரைக்கும் சென்னை ஓபன் நடந்தப்ப அந்த வாசல் நமக்கு ரயில் தூரத்துல இருந்தது. அதுதான் இப்ப சுருங்குது.

ஆனா அதே 2025 விம்பிள்டன்ல என்ன நடந்தது? பாவ்லியுசென்கோவா - சோனே கார்ட்டல் ஆட்டத்துல யாரோ தவறுதலா கோர்ட்டின் ஒரு பகுதிக்கு மெஷினை அணைச்சிட்டாங்க. வெளியே விழுந்த பந்துக்குச் சத்தமே வரலை. நாற்காலி அம்பயர் பாயிண்டைத் திரும்ப ஆடச் சொன்னார், பாவ்லியுசென்கோவா அந்த கேமை இழந்தார் (மேட்ச்சை ஜெயிச்சுட்டார், அது வேற). மெஷின் சொல்லலைன்னா அம்பயர் சொல்லலாம், அவராலும் முடியலைன்னாதான் மறு பாயிண்ட். இது அங்க இருந்த விதி. அவர் துணிஞ்சு "அவுட்" சொல்லியிருக்கலாம்ங்கறது என் கட்சி. கோட்டைப் பார்க்க கேமரா போதும். கேமரா ஊமையானா அடுத்து என்னன்னு முடிவெடுக்க விதி தெரிஞ்ச ஆள்தான் வேணும்.

அதோட, ஒரு கோர்ட்டுக்குப் பத்துக்கும் மேல கேமரா வைக்கிற ஏற்பாடு சின்னப் பசங்க போட்டிக்கா வரப்போகுது?

நடுவர் வேலையில வெள்ளை, வெண்கலம், வெள்ளி, தங்கம்னு பேட்ஜ் படிகள் இருக்கு. நான் தங்கத்தை எல்லாம் கனவு காணலை. கீழ்ப்படியில ஏறி, ஜூனியர் போட்டியில கோர்ட் கோர்ட்டா சுத்தற அந்த ஆளா இருந்தாலே போதும். சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடுவர் வகுப்பைப் பெருநகரத்துல மட்டும் வைக்காதீங்க. விழுப்புரம் மாதிரி ஊர்ல ஒரே ஒரு நாள், பி.டி. சார்களுக்கும் பெத்தவங்களுக்கும் சேர்த்து வைங்க. செலவு ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர்.

படிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, பழைய புத்தகத்தை நம்பாதீங்க. 2018 யு.எஸ். ஓபன் ஃபைனல்ல செரீனாவுக்கும் அம்பயர் கார்லோஸ் ராமோஸுக்கும் நடந்த சண்டை, கோச் சைகை காட்டினதுல ஆரம்பிச்சது. கோர்ட்டுக்கு வெளியே இருந்து கோச் யோசனை சொல்றதை 2025 விதிப்புத்தகம் அனுமதிச்சிருச்சு.

தினமும் திண்டிவனத்துல இருந்து திரும்புற பாசஞ்சர்ல நாலு பக்கம் படிக்கறேன். விக்கிரவாண்டி வர்றதுக்குள்ள தூக்கம் வந்துரும், இங்கிலீஷ் அப்படி. வீட்டுக்கு வந்தா தம்பி பரீட்சை வைக்கிறான்.

"அண்ணா, மட்டை கையை விட்டு நழுவிப் போய் பந்துல பட்டு, பந்து அந்தப் பக்கம் விழுந்துட்டா?"

பாயிண்ட் போச்சுடா. விதி 24.