விடைபெற்றுப் போதல்

வீடு குடிபுகுதற்கு நாம் நாள் பார்க்கிறோம். இந்துக்கள் பால் காய்ச்சுகின்றனர். முஸ்லிம்கள் ஓதித் துஆக் கேட்டு அயலாருக்குச் சோறோ பலகாரமோ கொடுக்கின்றனர். வாடகை வீடேயாயினும் இம்மரியாதைகளிற் குறைவில்லை. அதே வீட்டை விட்டுப் போகும் நாளில் நாம் எந்த முறையைக் கைக்கொள்கிறோம்? பொருள்களை லொறியில் ஏற்றிவிட்டுத் திறப்பை யாரேனும் ஒரு சிறுவன் கையிற் கொடுத்தனுப்புவதோடு தம் கடன் தீர்ந்ததென்று பலர் எண்ணுகின்றனர். இப்பழக்கம் தவறானது என்பதும், ஒரு முழு மாதத்திற்கு முந்தியே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவித்தல் கற்றோர் ஒவ்வொருவரதும் கடமை என்பதுமே யான் இங்குக் கூறப் புகுவன.

வாடகை என்னுஞ் சொல் வடமொழி வழி வந்தது. அதற்குத் தமிழில் வழங்கிய சொல் குடிக்கூலி. பிறர் மனையில் ஒதுங்கியிருக்கும் இடத்தைத் துச்சில் என்றும், உரிமையோடு புகுந்து வாழும் இல்லத்தைப் புக்கில் என்றும் முன்னோர் பிரித்தறிந்தனர். வள்ளுவர் நிலையாமையை உணர்த்துமிடத்து இவ்விரு சொற்களையும் ஆண்டு, உயிர் உடம்பில் இருத்தலைத் துச்சிலிருத்தலாகக் காட்டுவார். சொல்லாமற் போதல் உயிருக்கு இயல்பு. வாடகைக்கு இருப்போர் அதனைப் பின்பற்ற வேண்டுவதில்லை. பிரிந்து போதலைத் தமிழர் விடைபெறுதல் என்றனர். விடை என்பது மறுமொழி, இசைவும் ஆம். கேளாதவனுக்கு விடை எங்ஙனங் கிடைக்கும்?

சொல்லாராய்ச்சி நிற்க. எமது கரையின் நிலையை நோக்குவோம். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை கிழக்கே கடல், மேற்கே வயல். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வளவோடு வளவு ஒட்டியிருக்க மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். கல்முனையில் வைத்தியசாலைகளும் வங்கிகளும் அரச கந்தோர்களும் உள்ளன. அட்டாளைச்சேனையிற் கல்வியியற் கல்லூரி உண்டு. ஒலுவிலில், 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. இவற்றின் பொருட்டு வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர், தாதியர், எழுதுவினைஞர், மாணவர் யாவரும் வாடகை வீட்டையோ அறையையோ நாடியே வாழ வேண்டியவர்கள்.

இவர்களுக்கு வீடு கொடுப்போர் யார்? நிரை நிரையாக மாடிகள் கட்டி வாடகை வாங்கும் செல்வர் எம்மூர்களிற் சிலரே. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்தல் இக்கரையின் நெடுநாள் வழக்கம். பெண் சிறுமியாயிருக்கும்போதே தந்தை அத்திவாரமிடுவார்; ஓராண்டு சுவர், மற்றோராண்டு கூரை என்று வீடு மெல்ல எழும். மணமகன் அவ்வீட்டிற்கே வந்து வாழ்வான். இவ்வழக்கின் நன்மை தீமை வேறொரு கட்டுரைக்குரியது. கட்டி முடிந்த வீடு கலியாணம் வரை பூட்டிக் கிடவாமல் வாடகைக்கு விடப்படுகிறது என்பதே இங்கு வேண்டப்படுவது. அவ்வாடகை சில குடும்பங்களுக்கு அரிசிப் பணம். சில குடும்பங்களுக்கு மருந்துப் பணம். இன்னுஞ் சில குடும்பங்களுக்கு அவ்வீட்டையே பூசி முடிக்கும் சீமெந்துப் பணம்.

என் அயலிற் கணவனை இழந்த தாயொருவர் தம் மகளின் வீட்டை ஓர் உத்தியோகத்தருக்கு மூன்று ஆண்டுகள் வாடகைக்கு விட்டிருந்தார். குடியிருந்தவர் படித்தவர்; ஒரு மாதமேனும் வாடகை பிந்தாதவர். அவருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. அதனை ஐந்து வாரங்கள் தம்மிடமே வைத்திருந்துவிட்டு, மாதத்தின் மூன்றாம் நாள் மாலை லொறியோடு வந்தார். நின்ற நிலையில் மின்சார மானியைப் பார்த்து, நிலுவையை முற்பணத்திற் கழித்துவிட்டு மிகுதியைத் தருமாறு கேட்டார். மிகுதிப் பணம் அத்தாயிடம் இல்லை; கூரையோடு மாற்றுவதில் அது செலவாகியிருந்தது. இரண்டு வீடுகளிற் கைமாற்று வாங்கி அன்றிரவே கொடுத்தார். அதன்பின் அவ்வீடு மூன்று மாதங்கள் ஆளின்றிக் கிடந்தது. "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பனே, சேர்" என்று அவர் என்னிடஞ் சொன்னார். அவ்வுத்தியோகத்தர் அவரை ஏமாற்றினாரல்லர். ஒரு சதமேனும் குறைத்தாருமல்லர். ஆயினும், இழப்பு முழுவதும் அத்தாயின் தலையில் விழுந்தது. நேர்மை என்பது கணக்குத் தீர்த்தலோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

சட்டம் இதுபற்றி யாது சொல்கிறது? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். எம்மூர்களில் வாய்ப்பேச்சாலோ வெறுந்தாளில் இட்ட ஒப்பத்தாலோ கொடுக்கப்படும் வீடுகள், எத்தனை ஆண்டுகள் தொடரினும், மாதத்திற்கு மாதம் நிகழும் வாடகையாகவே கொள்ளப்படும். அதனை முடித்தற்கு இரு திறத்தாரில் எவராயினும் ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். முப்பது நாள் என்று விரல்விட்டு எண்ணுவதன்று இது. ஜூலை 31ஆந் திகதி வீட்டை விட எண்ணுபவர் ஜூன் 30ஆந் திகதிக்குள் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். ஜூலை 5ஆந் திகதி கொடுத்தவருக்கு ஆகஸ்டு மாத முடிவே கணக்கு. நொத்தாரிசு உறுதி எழுதி வீடு எடுத்தவர் அவ்வுறுதியிற் கண்ட விதியையே பின்பற்றுதல் வேண்டும்.

அறிவித்தல் வீட்டுக்காரன் கொடுக்க வேண்டியது, குடியிருப்பவன் வாங்க வேண்டியது என்றொரு மயக்கம் நம்மவரிடையே உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. போர்க்காலத்தில், 1942இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் குடியிருப்பாளரை நினைத்தபோது வெளியேற்றும் கொடுமையைத் தடுக்க எழுந்தவை. பத்திரிகைகளிற் பேசப்பட்டவையும் நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டவையும் பெரும்பாலும் வெளியேற்றும் வழக்குகளே. ஆதலால், வீட்டுக்காரனின் கடமை ஊரறிந்ததாயிற்று. குடியிருப்பவனின் கடமை மறக்கப்பட்டது. மெலியாரைக் காக்கும் சட்டம் மெலியாரின் கடமையை நீக்கிவிடுவதில்லை. அன்றியும், ஆண்வருமானமற்ற ஒரு வீட்டிற்கு வாடகை கொடுக்கும் மாதச் சம்பளக்காரர் தம்மை மெலியார் என்று சொல்லுதல் பொருந்துமா?

மறுப்புகள் சில எழுவதை அறிவேன். "முன்னரே சொன்னால் வீட்டுக்காரர் முற்பணத்தைத் தர மறுப்பார், கிணற்று மோட்டர் பழுது, சுவரில் ஆணி என்று குற்றங் காண்பார்" என்பர் சிலர். இவ்வச்சம் முற்றும் பொய்யன்று. குடியிருப்பவர் போகப் போவதை அறிந்ததும் முகம் மாறுவோரும், வர்ணம் மங்கியதற்கெல்லாம் விலை பேசுவோரும் உளர். மகளுக்கு மாப்பிள்ளை சரிவந்த மறுநாளே "கிழமைக்குள் வீட்டை விடுங்கள்" என்று கேட்போரும் உளர். அவர்களுக்கும் அதே ஒரு மாதக் கடமை உண்டு. பிள்ளைகளின் பரீட்சை நெருங்கியிருப்பின் இரண்டு மாதம் பொறுத்தலும் பண்பாகும். ஆனால், சிலர் தவறுவர் என்று அஞ்சி எல்லாருக்கும் தவறிழைத்தல் நியாயமன்று. திகதியிட்ட கடிதமும், குடிபுகும் நாளில் இருவரும் ஒப்பமிட்டு வைத்த பொருட்குறிப்பும், முற்பணத்திற்குப் பெற்ற பற்றுச்சீட்டும் இருந்தால் இவ்வச்சத்திற்கு இடமில்லை. மறைவாகப் போதலால் முற்பணம் காக்கப்படுவதில்லை, எழுத்தாலேயே காக்கப்படும்.

"இடமாற்றம் திடீரென வருகிறதே" என்பார்க்கு யான் கூறுவது இது: கடிதம் வந்த அன்றே சொல்லுங்கள். முழு மாதம் கிடைக்காவிடின் அக்குறைக்குரிய வாடகையைக் கொடுத்துவிடுங்கள். அல்லது, உங்கள் இடத்திற்கு வரும் ஆசிரியரையே அவ்வீட்டிற்கு அறிமுகஞ் செய்யுங்கள். மனமிருந்தால் வழி பலவுண்டு.

நம்மவர் பலர் குடியேறி வாழும் ஜேர்மனியில், வரையறையற்ற காலத்திற்கு வீடு எடுத்தவர் அதனை விடுவதற்குப் பொதுவாக மூன்று மாத அளவிலான அறிவித்தலை எழுத்திலேயே கொடுத்தாக வேண்டும். அந்நாட்டில் அவ்விதியைச் சற்றும் பிழைக்காத நம் உறவினர், விடுமுறையில் ஊருக்கு வந்து எடுத்த வீட்டைச் சொல்லாமற் பூட்டிவிட்டுப் போவதையும் கண்டிருக்கிறேன். தண்டத்திற்கு அஞ்சி ஒழுகுதல் ஒழுக்கமாகுமா?

இதனை யான் பெரிதாக எழுதுவதற்கு உண்மைக் காரணம் பணமன்று. இக்கரையில் வீடு கொடுத்தல் இன்னும் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி மருதமுனையையும் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் காரைதீவையும் அழித்தபோது, வீடிழந்தோர் உறுதி எழுதிவிட்டா பிறர் வீடுகளிற் புகுந்தனர்? முகமறிந்து, சொல்லறிந்து கதவுகள் திறந்தன. முஸ்லிம் ஊரில் தமிழாசிரியரும், தமிழூரில் முஸ்லிம் உத்தியோகத்தரும் இன்று குடியிருக்க முடிவதும் அத்தகைய சொல்லினாலேயே. சொல்லாமற் போகும் ஒருவர் தம் பெயரை மட்டுமா கெடுக்கிறார்? "அவ்வூராருக்கு இனி வீடில்லை", "வாத்திமாருக்குக் கொடுக்க மாட்டோம்", "பல்கலைக்கழகப் பொடியன்கள் வேண்டாம்" என்று ஒரு கதவு அடைபடுகிறது. அதன் முன் நின்று வெயிலில் வாடப் போகிறவர் அவரல்லர். அவருக்குப் பின் வருபவர். ஊரும் இனமும் வேறாயிருப்பின் அவ்வடைப்பின் தீமை இன்னும் பெரிது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதுதல் என்னும் பாடத்தில் விடுமுறைக் கடிதமும், வீதி விளக்கு வேண்டி மாநகர சபைக்கு எழுதும் முறைப்பாடும் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தையும் ஒருமுறை கற்பித்தாலென்ன? அது நீண்டதாயிருக்க வேண்டுவதில்லை. இவ்வளவு போதும்:

"மதிப்பிற்குரிய ஹாஜியார் அவர்களுக்கு, தங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்துவரும் யான், இடமாற்றங் காரணமாக எதிர்வரும் ஜூலை 31ஆந் திகதி வீட்டை ஒப்படைக்க எண்ணியுள்ளேன். அதுவரையுள்ள வாடகையும் மின்சார, நீர்க் கட்டணங்களும் என்னாற் செலுத்தப்படும். புதிதாக வருவோர் வீட்டைப் பார்க்க விரும்பின் மாலை வேளைகளில் அழைத்து வரலாம். இறுதி நாளில் இருவரும் வீட்டைப் பார்வையிட்டுத் திறப்பைப் பெற்றுக்கொண்டு, முற்பணத்தைத் தந்துதவுமாறு வேண்டுகிறேன். இத்துணைக் காலமும் தாங்களும் தங்கள் வீட்டாரும் காட்டிய அன்பிற்கு நன்றி."

இதன் கீழ்த் திகதியும் ஒப்பமும் இட்டு, ஒரு பிரதியில் வீட்டுக்காரரின் ஒப்பம் பெற்று வைத்துக்கொள்க. அவர் வெளியூரில் இருப்பின் பதிவுத் தபாலில் அனுப்புக. கடிதத்தை யார் கையிலேனும் கொடுத்தனுப்பாது, நேரிற் சென்று, இருந்து பேசி, கையிற் கொடுத்தலே சிறப்பு. இலக்கணப் பிழையின்றி எழுதக் கற்பிப்பது தமிழாசிரியன் தொழில். எழுத வேண்டிய வேளையில் எழுதத் தவறாதிருக்கக் கற்பிப்பதும் அவன் தொழிலே.