உங்கள் முழுப்பெயர் யார் கண்ணில் படுகிறது?

வாட்ஸ்அப்புக்கு போன் நம்பர் வேண்டும், ஓ.டி.பி. வேண்டும். இவை எதையும் கேட்காத அரட்டை ஒன்று 1988-லேயே வந்துவிட்டது. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் உருவாக்கிய ஐ.ஆர்.சி.தான் அது. லினக்ஸில் சந்தேகமா? அந்த மென்பொருளை எழுதுகிறவர்களே கூடியிருக்கும் அறைக்குப் போய்க் கேட்கலாம். கம்ப்யூட்டர் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் அங்கே எட்டிப்பார்க்கக்கூடும்.

போகுமுன் ஒரு விஷயம். ஐ.ஆர்.சி.க்குப் பலரும் பயன்படுத்துவது ‘இர்ஸி’ என்ற புரோகிராம். கறுப்புத் திரை, வெறும் எழுத்து. ஸ்டிக்கர், ஸ்டேட்டஸ் தொல்லை கிடையாது. முதல்முறை திறக்கும்போது அது உங்கள் பெயரைக் கேட்காது. தானே தேடி எடுத்துக்கொள்ளும். லாகின் பெயரைப் பட்டப்பெயராக வைத்துக்கொள்ளும். லினக்ஸ் நிறுவும்போது ‘உங்கள் பெயர்’ என்ற கட்டத்தில் தட்டினீர்களே, அந்த முழுப்பெயரையும் சர்வருக்கு அனுப்பிவிடும். அறையில் இருக்கும் எவரும் ‘ஹூஇஸ்’ கட்டளை கொடுத்து அதைப் பார்க்கலாம். பதினேழு வயதுப் பெண்ணின் முழுப்பெயர் முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு?

இதற்கு வழி ஷெல்லிலேயே இருக்கிறது. யூனிக்ஸின் 1979-ம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்ட ‘சூழல் மாறி’ என்ற வசதி. ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. ஷெல் தொடங்கிவைக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதன் நகல் கிடைக்கும். ஐஆர்சிநிக் என்றால் பட்டப்பெயர். ஐஆர்சியூசர், லாகின் பெயருக்குப் பதில். நமக்கு முக்கியம் ஐஆர்சிநேம். முழுப்பெயர் போகிற இடத்தில் இதில் உள்ளதுதான் போகும். மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளியின்றி எழுத வேண்டும். முன்னால் ‘எக்ஸ்போர்ட்’ என்ற சொல், பின்னால் சமக்குறி, அடுத்து நீங்கள் விரும்பும் பெயர். சமக்குறிக்கு இருபுறமும் இடம் விட்டால் ஷெல் கோபித்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட்டை விட்டுவிட்டால் மதிப்பு ஷெல்லோடு நின்றுவிடும், இர்ஸிக்குப் போய்ச் சேராது. தினமும் தட்ட அலுப்பாக இருந்தால் ‘புரொஃபைல்’ கோப்பில் எழுதிவைக்கலாம்.

இதையெல்லாம் இர்ஸியை முதல்முறை திறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் ஒரு பெயர் பதிவாகிவிட்டால் பிறகு சூழல் மாறியை அது மதிக்காது. அந்தக் கோப்பில்தான் போய்த் திருத்த வேண்டும். இன்னொன்று, இது பெயரைத்தான் மறைக்கும், உங்கள் இணைய முகவரியை அல்ல.

வசதியாக இருக்கிறதே என்று பாஸ்வேர்டையும் இப்படி வைத்துவிடாதீர்கள். அதே ஷெல்லிலிருந்து திறக்கும் எல்லா புரோகிராம்களுக்கும் அதன் நகல் போகும்.