வரியும் சுதந்திரமும்

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற கதையைச் சொல்லுகின்றவர்கள், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதிலிருந்து ஆரம்பித்து, 1776-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி சுதந்திர அறிக்கை வெளியிட்டதோடு முடித்துவிடுவது வழக்கமாக இருந்து வருகின்றது. கேட்கின்றவர்களும், "வரி அதிகமாய்ப் போட்டார்கள், ஜனங்கள் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்கள், இங்கிலாந்து ராஜா தோற்றான்" என்று எண்ணித் திருப்தியடைந்துவிடுகின்றார்கள். ஆனால் இந்தக் கதையில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, அந்த ஜனங்களை எழுப்பியது வரியின் பாரந்தானா? மற்றொன்று, அப்படி எழுந்து அடைந்த சுதந்திரம் யார் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது? இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் அக்கதையைப் படிப்பதும் ஒன்றுதான், புராணம் படிப்பதும் ஒன்றுதான்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1763-ல் முடிந்த ஏழு வருஷ யுத்தத்தில் இங்கிலாந்து வெற்றி பெற்றது. ஆனால் அந்த வெற்றியால் அதன் தேசியக் கடன் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. கடனுக்கு வட்டி கட்ட வேண்டும், அமெரிக்காவில் நிறுத்திய பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எனவே 1764-ல் சர்க்கரைப்பாகு முதலியவைகளுக்குத் தீர்வையைக் கண்டிப்பாய் வசூலிக்கச் சட்டம் செய்தார்கள். அடுத்த வருஷமே ஸ்டாம்பு வரிச் சட்டம் வந்தது. பத்திரம், உயில், லைசென்சு, சர்வகலாசாலைப் பட்டம், பத்திரிகை, பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு, சூதாடும் பகடைக்காய் வரையில் எல்லாவற்றுக்கும் முத்திரைக்காகப் பணம் கட்டியாக வேண்டும் என்பது அச்சட்டம். சீட்டுக்கட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங், பகடைக்காய் ஜோடி ஒன்றுக்குப் பத்து ஷில்லிங்.

இந்த வரி விழுந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வக்கீல்மீது விழுந்தது, அச்சுக்கூடத்தார்மீது விழுந்தது, வியாபாரிமீது விழுந்தது. அதாவது, எவனெவனுக்குப் பேசவும் எழுதவும் கூட்டம் கூட்டவும் தெரியுமோ அவனவன் தலையிலேயே பார்லிமெண்டு கை வைத்துவிட்டது. வாயில்லாத ஏழையின்மேல் போட்டிருந்தால் அவன் அழுதது அடுத்த தெருவுக்கும் கேட்டிராது. வாயுள்ளவன்மேல் போட்டதால் பதின்மூன்று நாடுகளுக்கும் கேட்டது. 1765 அக்டோபரில் ஒன்பது குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி, எங்கள் பிரதிநிதி இல்லாத சபைக்கு எங்கள்மேல் வரி போடும் பாத்தியதை இல்லை என்று தீர்மானித்தார்கள்.

அதற்கு இங்கிலாந்துக் கனவான்கள் சொன்ன பதில் மிகவும் ருசிகரமானது. "நீங்கள் ஓட்டுக் கொடுக்காவிட்டால் என்ன? பார்லிமெண்டு மெம்பர் ஒவ்வொருவரும் ராஜ்யத்திலுள்ள எல்லோருக்குமே பிரதிநிதிதான். மாஞ்செஸ்டருக்குக்கூடத்தான் மெம்பர் இல்லை. அவர்கள் வரி கொடுக்கவில்லையா?" என்றார்கள். ஓர் அநியாயத்துக்கு மற்றோர் அநியாயத்தைச் சாக்ஷி கொண்டுவந்து நிறுத்தும் தர்க்கம் இது! மாஞ்செஸ்டருக்கு மெம்பர் இல்லையானால் மாஞ்செஸ்டருக்கு மெம்பர் கொடுப்பதல்லவா நியாயம்? அந்த ஊருக்கு மெம்பர் கிடைத்தது 1832-ல்தான் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. "உனக்காக நான் பேசுகின்றேன், உன் நன்மை உன்னைவிட எனக்கு நன்றாய்த் தெரியும்" என்று மேலே உட்கார்ந்திருப்பவன் சொல்லுவதும், அதைக் கீழே இருப்பவன் நம்பிக் கும்பிடுவதும் எந்தத் தேசத்துக்கும் புதிதல்ல. அமெரிக்கர்கள் கும்பிடவில்லை என்பதுதான் விசேஷம்.

வியாபாரிகள் இங்கிலாந்துச் சரக்கை வரவழைப்பதை நிறுத்தினார்கள். ஸ்டாம்பு விற்க நியமிக்கப்பட்டவர்கள் ஜனங்களின் ஆத்திரத்துக்குப் பயந்து வேலையை விட்டார்கள். சரக்கு விற்காமல் திண்டாடிய இங்கிலாந்து வியாபாரிகளே பார்லிமெண்டிடம் போய் முறையிட்டார்கள். 1766 மார்ச்சில் ஸ்டாம்பு வரி ரத்தாயிற்று. ஆனால் அதே சமயத்தில், எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்த எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று வேறொரு சட்டமும் செய்துகொண்டார்கள். அடித்த கையை எடுத்துக்கொண்டு, அடிக்கும் உரிமையை மட்டும் பத்திரமாய் வைத்துக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள். அப்படியே 1767-ல் கண்ணாடி, ஈயம், காகிதம், வர்ணம், தேயிலை ஆகியவைகளுக்குத் தீர்வை போட்டார்கள். மறுபடியும் பகிஷ்காரம். பெண்கள் வீடுகளில் கூடி நூல் நூற்றுச் சீமைத் துணியை ஒதுக்கினார்கள். 1770-ல் எல்லாத் தீர்வையையும் எடுத்துவிட்டுத் தேயிலைக்கு மட்டும் ராத்தலுக்கு மூன்று பென்னி என்று நிறுத்திக்கொண்டார்கள். பணத்துக்காக அல்ல, அதிகாரத்துக்கு அடையாளமாக.

இங்கேதான் கிழக்கிந்தியக் கம்பெனி கதைக்குள் வருகின்றது. நம் நாட்டை விழுங்கிக்கொண்டிருந்த அதே கம்பெனி கடனில் மூழ்கி, விற்காத தேயிலையைக் கோடிக்கணக்கான ராத்தல் கிடங்குகளில் குவித்து வைத்திருந்தது. அது நம் நாட்டுத் தேயிலையன்று, சீனத் தேயிலை. கம்பெனியைக் காப்பாற்றுவதற்காகப் பார்லிமெண்டு 1773-ல் 14 லட்சம் பவுன் கடன் கொடுத்ததோடு, அமெரிக்காவுக்கு நேராகத் தேயிலை அனுப்பி விற்கவும் சலுகை கொடுத்தது. இதன் பலனாக, மூன்று பென்னி தீர்வை கட்டிய பிறகுங்கூடத் தேயிலை முன்னிலும் மலிவாகக் கிடைக்கும்படி ஆயிற்று. கள்ளத்தனமாய் வந்துகொண்டிருந்த டச்சுத் தேயிலையைவிடவும் சகாயம்! கள்ளச்சரக்கு வியாபாரிகளுக்கு இதில் நஷ்டம் உண்டு என்பதும், அவர்கள் ஜனங்களைத் தூண்டினார்கள் என்பதும் உண்மையே. ஆயினும், மலிவான சரக்கு வீட்டு வாசலுக்கு வந்தபோது, அதில் ஒளிந்திருக்கும் விலங்கைக் கண்டு வேண்டாமென்ற ஜனங்களின் புத்தியை நாம் மெச்சாமலிருக்க முடியாது. 1773 டிசம்பர் 16-ந் தேதி இரவு, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் எறிந்தார்கள். கப்பலிலிருந்த வேறு சரக்குகளில் கை வைக்கவில்லை.

ஆகவே நம் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பாரந்தான் காரணமென்றால் அன்று இங்கிலாந்திலிருந்தவன் தலைக்குக் கொடுத்த வரி அமெரிக்கனுடையதைவிடப் பல மடங்கு அதிகம். அவன் எழவில்லை, இவன் எழுந்தான். எவ்வளவு என்பதல்ல இவன் கேட்ட கேள்வி. கேட்பதற்கு நீ யார் என்பதே. இதற்குத்தான் சுயமரியாதை என்று பெயர்.

இதே காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஸ்டாம்பு வரி வந்த அதே 1765-ல்தான், வங்காளம், பீகார், ஒரிஸா மாகாணங்களில் வரி வசூலிக்கும் திவானி அதிகாரத்தை மொகலாய பாதுஷாவிடமிருந்து கம்பெனி பெற்றுக்கொண்டது. கொடுத்தவர் ஒரு பாதுஷா, வாங்கியவர்கள் வியாபாரிகள். வரி கொடுக்கப்போகும் கோடிக்கணக்கான குடியானவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? 1770 பஞ்சத்தில் வங்காளத்தில் மூன்றிலொரு பங்கு ஜனங்களாவது மாண்டிருப்பார்கள் என்று மதிப்பிட்ட வாரன் ஹேஸ்டிங்ஸே, பஞ்சத்துக்கு மறு வருஷ வசூல் 1768-ம் வருஷ வசூலையும் தாண்டிவிட்டதென்று எழுதினார். செத்தவன் பாக்கியையும் உயிரோடிருந்தவனிடம் கறந்தார்கள். சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிக்கக் குடியானவனைக் கிட்டி போட்டு நெருக்கியதும், அண்ணாந்தாள் போட்டு வெயிலில் நிறுத்தியதும் மெய்யே என்று 1855-ல் சர்க்கார் நியமித்த கமிஷனே ஒப்புக்கொண்டது. அந்தக் கிட்டியைப் பிடித்த கைகள் வெள்ளைக் கைகளல்ல, கீழ்த்தர உத்தியோகத்திலிருந்த நம்மவர் கைகளே என்பதையும் அக்கமிஷன் அறிக்கை காட்டுகின்றது. அங்கே மூன்று பென்னிக்குப் புரட்சி, இங்கே பிராணன் போனாலும் "தலைவிதி" என்ற ஒரு சொல்! பரம்பரை பரம்பரையாய்க் கும்பிட்டுப் பழகிய கைக்கு மறுக்கத் தெரியுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, வரிச் சண்டை மாத்திரமே அமெரிக்காவுக்குச் சுதந்திரத்தைக் கொடுத்துவிடவில்லை. தேயிலைக்குத் தண்டனையாக 1774 ஜூனில் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பன்னிரண்டு நாடுகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். 1775 ஏப்ரல் 19-ந் தேதி லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. அப்பொழுதுங்கூட அவர்களில் பெரும்பாலோர், மந்திரிகள் கெட்டவர்கள், பார்லிமெண்டு கெட்டது, ஆனால் ராஜா நல்லவர் என்று சொல்லிக்கொண்டு, அவ்வருஷம் ஜூலையிலே ராஜாவுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். பூசாரி கெட்டவன், சாமி நல்லது என்பது போலத்தான்! சாமி அந்த விண்ணப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த மயக்கத்தைத் தெளிவித்தவர் தாமஸ் பெயின். அவர் இங்கிலாந்தில் கலால் இலாகாவில் வரி வசூலிக்கும் வேலை பார்த்து, வேலை போய், 1774-ல் அமெரிக்கா வந்தவர். பெரிய பட்டம் படித்தவரல்ல. 1776 ஜனவரியில் 'பொது அறிவு' என்னும் பொருள்படும் சிறு புத்தகத்தை எழுதி, பிறப்பினால் ஒருவன் ராஜாவாவது எப்படி, அவன் மகனும் பேரனும் ராஜாவாவது எந்த நியாயம் என்று பாமரனுக்கும் விளங்கும்படி கேட்டார். அக்கேள்வி பரவிய ஆறாம் மாதம் சுதந்திர அறிக்கை வந்துவிட்டது. சம்மதமின்றி வரி போட்டான் என்பது ராஜாவின்மேல் அவ்வறிக்கை சுமத்தும் பல குற்றங்களில் ஒன்றுதான். பத்து வருஷ வரிச் சண்டை ஜனங்களை ஒன்றுசேர்த்தது. பிறவி உயர்வு என்ற மூடநம்பிக்கை உடைந்த பிறகே விடுதலை வந்தது. 1783-ல் இங்கிலாந்து அதை ஒப்புக்கொண்டது. அந்தப் பெயின் பிற்காலத்தில் வேதங்களையும் அதே கேள்வி கேட்டபோது, அதே ஜனங்கள் அவரை நாஸ்திகனென்று தூற்றினார்கள். 1809-ல் அவர் இறந்தபோது சவத்தோடு போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

இனி இரண்டாவது கேள்வி. எல்லா மனிதரும் சமமென்று எழுதிய ஜெபர்ஸன் தம் ஆயுளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடையவராயிருந்தார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதிய பகுதியையும் மற்றவர்கள் அறிக்கையிலிருந்து அடித்துவிட்டார்கள். 1787-ல் செய்த அரசியல் சட்டத்திலோ, பிரதிநிதி கணக்குக்கும் நேர்வரிக் கணக்குக்கும் ஐந்து அடிமைகளை மூன்று ஆளாக எண்ணிக்கொண்டார்கள். எண்ணிக்கைக்கு மனிதன், ஓட்டுக்கு மாடு! 1780-ல் மாசசூசெட்ஸில் பால் கப்பி முதலிய கறுப்பு மக்கள், எங்களிடம் வரி வாங்குகின்றீர்களே, ஓட்டு எங்கே என்று மனுப் போட்டார்கள். வெள்ளையர் ராஜாவைக் கேட்ட அதே கேள்வி! ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல், எங்கள் குரலில்லாத சட்டத்துக்குப் பெண்கள் கட்டுப்படமாட்டோம் என்று 1776-ல் கணவருக்கு எழுதினார். அவர் சிரித்துப் பதில் எழுதினார். நூல் நூற்ற பெண்களுக்குத் தேசம் முழுதும் ஓட்டுரிமை கிடைத்தது 1920-ல். தேயிலை கொட்டப் போனவர்கள் பூர்வகுடிகளைப்போல வேஷம் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் பிரஜா உரிமை வந்தது 1924-ல். அடிமை முறை ஒழிந்தது 1865-ல், அதுவும் நான்கு வருஷம் ரத்தம் சிந்திய பிறகு.

ஏழை வெள்ளைக்காரன் கதியாவது மேலா? யுத்தத்தில் சண்டை செய்து திரும்பிய மாசசூசெட்ஸ் குடியானவர்கள், வரியும் கடனும் தாங்காமல் 1786-ல் டானியல் ஷேஸ் தலைமையில் எழுந்தபோது பட்டாளத்தை ஏவி அடக்கினார்கள். பாஸ்டன் கிளர்ச்சியின் தலைவராயிருந்த சாமுவேல் ஆடம்ஸே, ராஜாவை எதிர்த்தால் மன்னிக்கலாம், குடியரசை எதிர்த்தால் மரணமே தண்டனை என்னும் கருத்துக்கு வந்துவிட்டார். 1794-ல் சாராய வரியை எதிர்த்தவர்கள்மேல் வாஷிங்டனே பெரும்படை திரட்டிப் புறப்பட்டார். அவர் பெயரைத் தாங்கிய தலைநகரத்தின் வாசிகள் இன்றும் வரி கொடுக்கின்றார்கள். காங்கிரஸ் சபையிலோ அவர்களுக்கு ஓட்டுள்ள பிரதிநிதி இல்லை. பிரதிநிதியில்லாத வரி என்ற அந்தப் பழைய புகாரை மோட்டார் வண்டி நம்பர் பலகையிலே எழுதிக்கொண்டு திரிகின்றார்கள்.

இவ்வளவும் சொல்வதால் அமெரிக்கர் செய்தது வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. சம்மதமில்லாமல் என் பையில் கை வைக்காதே என்ற அந்த ஒரு வாக்கியம் உலகத்துக்குக் கிடைத்த பெரிய ஆயுதம். அதைச் செய்தவன் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளப் பார்த்தான். ஆனால் கறுப்பனும் பெண்ணும் கூலிக்காரனும் அதே ஆயுதத்தை எடுத்து அவனிடமே நியாயம் கேட்டார்கள், கேட்டுப் பெற்றார்கள். ஆதலால் தோழர்களே, வரி குறைக்கிறோம் என்று யாராவது வந்தால், எவ்வளவு குறையும் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். போடுகிறவன் யார், அவனை அங்கே உட்காரவைத்தது யார், அந்தச் சபையில் நமக்கும், நமக்குக் கீழே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவனுக்கும், நம் வீட்டுப் பெண்களுக்கும் சமமான இடம் உண்டா என்பதை முதலாவதாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யோக்கியமான பதில் வராத வரையில் ராஜா மாறுவான், கொடி மாறும், வரி வாங்கும் கை மாறும். கொடுக்கிறவன் நிலை மாறாது.