சொட்டும் இடமும் ஊறும் இடமும்



இஞ்சினின் அடிச்சட்டியைக் கழற்றி வேலை செய்த காரில் திருகோணமலைத் துறைமுகம் வரை போய்வந்தோம். மறுநாள் வாசலில் எண்ணெய்த் துளிகள். பாஸ் சட்டியைச் சரியாகப் பூட்டவில்லை என்று தீர்ப்பளித்து, அயல்வீடுகளிலும் சொல்லிவிட்டோம்.

அவர் வந்து இஞ்சினைத் துடைத்து, சற்று ஓடவிட்டு, மேலிருந்து கீழாக டோர்ச் அடித்துப் பார்த்தார். அவர் தொடாத மேல்மூடியின் பழைய ரப்பர் பெக்கிங் இறுகிக் கசிந்திருந்தது. கசிந்த எண்ணெய் கீழே வழியும்; ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். சொட்டும் இடம் வேறு, ஊறும் இடம் வேறு.

சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும் புறம் பேசுவதையும் சேர்த்தே தடுக்கிறது. சந்தேகம் ஊற்று, புறம் அதன் சொட்டு.

பெக்கிங்கை அன்றே மாற்றினார். அயல்வீடுகளில் அவர் பெயரைத் துடைக்கத்தான் எங்களுக்கு ஒரு வாரம் சென்றது.

அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக!