ட்ரெய்னருக்கு அடுத்து ஜெட் வேண்டாம்

ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஆர்.சி. விமானம் பழகுறவங்களுக்கு இந்த இழை. ட்ரெய்னர் கைக்கு வந்தாச்சு. அடுத்து ஸ்பிட்ஃபயர் மாதிரி போர் விமானமா, ஜெட்டானு மனசு அலைபாயும். ரெண்டும் இப்போ வேண்டாம்ங்கிறது என் கருத்து.

ட்ரெய்னருக்கு இறக்கை மேல இருக்கும், ஸ்டிக்கை விட்டா பெரும்பாலும் தானா நேராகிடும். அடுத்தது அய்லரான் வச்ச, தாழ்வான இறக்கை உள்ள ஃபோம் ஸ்போர்ட் பிளேனா இருக்கட்டும். சாய்ச்சா சாய்ஞ்சே நிக்கும். நேராக்குறது உங்க வேலை. ஆனா மெதுவா இறக்கலாம். போர் விமான மாடல்ல அந்தச் சலுகை கம்மி. இறங்கத் திரும்பும்போது வேகம் குறைஞ்சா ஒரு பக்க இறக்கை சட்டுனு தொங்கி, குப்புற விழும்.

டாக்டரா என் கவலையே அங்கதான். எடை ரெண்டு மடங்கு, வேகமும் ரெண்டு மடங்குன்னா மோதுற ஆற்றல் எட்டு மடங்கு. நம்ம பக்கம் காலி மனையை ஒட்டியே வீடு, கரண்ட் கம்பி, கிரிக்கெட் ஆடுற பசங்க.

இன்னொண்ணு, எலக்ட்ரிக் மோட்டார் விரல் பட்டதும் அடங்கிடாது. இன்னும் கரண்ட் இழுத்துச் சுத்தப் பார்க்கும். பேட்டரி மாட்டின நிமிஷத்துல இருந்து ப்ரொபெல்லர் பக்கம் கை போகக் கூடாது. விரல்ல டெண்டன் அறுந்தா வெறும் தையல் போதாது: ஆபரேஷன், பல வாரம் பிசியோ. (சின்ன ப்ரொபெல்லர்தானேன்னு சொல்லாதீங்க.)

ஆவடியில டேங்க் ஃபேக்டரி, விமானப்படை நிலையம்லாம் இருக்கு. 2021 டிரோன் விதிகள்படி சிவப்பு மண்டலத்துல மத்திய அரசு அனுமதி இல்லாம பறக்கவிடக் கூடாது. காசு கட்டுறதுக்கு முன்னாடியே டிஜிட்டல் ஸ்கை மேப்பைத் திறந்து, எங்க பறக்கவிடப் போறீங்கன்னு பாருங்க.