கரிசல் காட்டுப் பிள்ளையும் கம்ப்யூட்டர் உத்தியோகமும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்து உழைப்பாளி வீடுகளில் இன்று ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிற பையனும், மில்லில் ஷிப்டு பார்க்கிற வாலிபனும், டிப்ளமா படித்துவிட்டுக் கிடைத்த வேலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறவனும் கேட்கிற கேள்வி அது. இருக்கிற வேலையை விட்டுவிட்டு, பணப் பட்டுவாடா செய்கிற கம்ப்யூட்டர் கம்பெனிகளில் புரோகிராம் எழுதும் என்ஜினீயராகப் போக முடியுமா? போகலாமா?

"நமக்கெதற்கு இந்தப் பேச்சு? இருக்கிற தொழிலைக் காப்பாற்றுகிற வழியைப் பார்ப்போம்" என்று மூத்த தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானதே. ஆனால் நிலைமை என்ன? நம் மண் ஒரு போக மண். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்க வேண்டும். மழை பொய்த்தால் அந்த வருஷமே பொய்த்தது. வானம் கைவிட்டபோதெல்லாம் தாங்கி நின்றது தீப்பெட்டித் தொழில். அதிலும் யந்திரம் வந்து கைகளைக் குறைத்தது. லைட்டர் வந்து விற்பனையைக் குறைத்தது. 20 ரூபாய்க்கு உட்பட்ட லைட்டர்களின் இறக்குமதியை மத்திய சர்க்கார் 2023 ஜூனில் தடை செய்தது. நல்லது, வரவேற்றோம். ஆனால் அடுப்பு மூட்டவே தீக்குச்சி வேண்டாம் என்று ஆகிவரும் காலத்தை எந்தத் தடையும் திருப்பிவிடாது. ஆகவே வாலிபன் வேறு தொழிலைத் தேடுவது பேராசை அல்ல.

தொழில் மாறுவது எட்டயபுரத்துக்குப் புதிதுமல்ல. இவ்வூரில் பிறந்த பாரதி சமஸ்தானத்து வேலையை விட்டார். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டில் சென்னைக்குப் போய் 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியரானார்.

சரி, முடியுமா? முடியும். கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் சோஹோ கம்பெனி அலுவலகம் நடத்துகிறது. 2005-ல் அது ஒரு பள்ளியைத் தொடங்கியது. பிளஸ் டூவும் டிப்ளமாவும் படித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல் எடுத்து, உதவித் தொகையும் கொடுத்து, வேலைக்குப் பழக்கியது. அதே கம்பெனி இன்று பணப் பட்டுவாடாத் தொழிலிலும் இறங்கியிருக்கிறது. அங்கே வாயிற்காவல் வேலை பார்த்த வெளி மாநிலத்து இளைஞர் ஒருவர் புரோகிராம் எழுதக் கற்று அந்தக் கம்பெனியிலேயே என்ஜினீயரானார் என்ற செய்தி 2021-ல் பத்திரிகைகளில் வந்தது. ஒரு முதலாளியின் புகழ் பாட இதை எழுதவில்லை. இந்த வித்தை யாருடைய பிறப்புரிமையும் அல்ல என்பதற்காக எழுதுகிறோம்.

இந்த வேலைதான் என்ன? பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இதன் அஸ்திவாரம் கணக்குப் பிள்ளையின் பேரேடு. ஓரிடத்தில் பற்று எழுதினால் இன்னோரிடத்தில் வரவு எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கடலை மிட்டாய்க் கடையில் ஒருவர் போனை நீட்டிப் பணம் அனுப்புகிறார். நடுவில் சிக்னல் போய்விடுகிறது. அவர் மறுபடி அழுத்துகிறார். ஒரே கட்டளை இரண்டு முறை வந்தாலும் பணம் ஒரு முறைதான் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது புரோகிராம் எழுதுகிறவனின் பொறுப்பு. ரூபாயில் பத்தில் ஒரு பங்கு என்ற பின்னத்தைக் கம்ப்யூட்டர் தன் எண் முறையில் பிசகின்றி எழுத முடியாது; ஆகவே தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைக்க வேண்டும். பணம் கழிக்கப்பட்டு, போய்ச் சேர வேண்டியவருக்குச் சேராவிட்டால் குறித்த கெடுவுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவை யந்திரத்துக்குப் புரியும்படி எழுதிவைப்பதும் இதே வேலைதான்.

பண்டல் கணக்கையும் பட்டுவாடாக் கணக்கையும் பத்து வருஷம் எழுதியவனுக்கு, ராத்திரியில் ஐந்து ரூபாய் இடித்தால் தூக்கம் வராது. அந்தக் குணம் இந்தத் தொழிலில் பெரிய முதல். கம்ப்யூட்டர் பாஷையை மாதக் கணக்கில் கற்கலாம். அந்தக் குணத்தை அப்படிக் கற்க முடியாது. இன்று யந்திரமே புரோகிராமை எழுதித் தருகிறது. எழுதியது சரியா, தப்பா என்று பிரித்தறிகிறவனுக்கே இனி மதிப்பு. வெறும் மனப்பாடத்தோடு போகிறவன் வாசலிலேயே நின்றுவிடுவான்.

அடுத்தது, போகலாமா? இங்கேதான் எச்சரிக்கை தேவை. யூபிஐ 2016-ல் வந்தது. 2025 ஆகஸ்டு என்ற ஒரே மாதத்தில் 2,000 கோடி தடவைக்கு மேல் அதன் வழியே பணம் கைமாறியது. அம்மாடி, எவ்வளவு லாபம் என்று நினைக்கிறோம். ஆனால் 2020 ஜனவரி முதல் யூபிஐயில் வாங்கும் பணத்துக்கு வியாபாரியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். அப்படியானால் கம்பெனி எதைத் தின்று பிழைக்கிறது? கடன் வியாபாரத்தில் வரும் வருமானம், முதலீட்டாளர் போடும் பணம் ஆகியவை அதற்குப் பெருந்துணை. முதலீட்டாளர் கையை மூடினால் முதலில் கத்தி விழுவது ஊழியர் தலையில். பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிமீது ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 31-ல் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டில் பேடிஎம் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது. ஆலமரம் போன்ற டிசிஎஸ் கம்பெனியே 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. குளிர்சாதன அறையிலும் வேலை வேலைதான்; அங்கேயும் கூலி கூலிதான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "ஆறே மாதத்தில் என்ஜினீயர்! வேலைக்கு நாங்கள் காரண்டி!" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள். நகையை அடகு வைத்து இவர்களிடம் லட்ச ரூபாயைக் கொட்டாதீர்கள். காரண்டியை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு படித்தவர்கள் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அசல் சர்டிபிகேட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நமது யோசனை இது. முதலாவதாக, கையில் இருக்கிற வேலையை விடாமல் படிக்கத் தொடங்குங்கள். சென்னை ஐஐடி ஜேஇஇ பரீட்சை இல்லாமலே, வயது பாராமல், வீட்டிலிருந்து படிக்கும் பட்டப் படிப்பை நடத்துகிறது. ஏழைக் குடும்பத்தாருக்குக் கட்டணச் சலுகை உண்டு. இரண்டாவதாக, சர்க்காரைக் கேட்போம். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுந்தது. முப்பது வயதைத் தாண்டிய தீப்பெட்டித் தொழிலாளிக்கு மாலை வகுப்பு எங்கே? கோவில்பட்டியிலும் எட்டயபுரத்திலும் அதைத் திறக்க வேண்டும். பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். மூன்றாவதாக, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தில், ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளி மறு பயிற்சி பெற 15 நாள் சம்பளம் தரவேண்டும் என்று இருக்கிறது. 15 நாள் சம்பளத்தில் எவன் புதுத் தொழில் கற்பான்? அதை ஆறு மாதச் சம்பளமாக உயர்த்தச் சொல்வோம்.

போய்ச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியரும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. உங்கள் தகப்பன் கொடி பிடித்து வாங்கிய எட்டு மணி நேர வேலையை, கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது என்பதற்காக நீங்கள் கைவிட்டுவிடக் கூடாது.

தோழர்களே! ஒவ்வொரு சங்கக் கட்டிடத்திலும் மாலையில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. இரண்டு பழைய கம்ப்யூட்டரும், விடுமுறையில் ஊருக்கு வரும் நம் பிள்ளைகளில் ஒருவரும் போதும். சர்க்கார் வகுப்பு வரும்வரை நமது வகுப்பு நடக்கட்டும். வருகிற மாதமே அந்த அறையைத் திறந்துவிடுங்கள்.