கன்னிமாடத்து ஆசிரியை

தியாகம் என்ற சொல்லை நாம் அள்ளி இறைத்து வருகிறோம். ஆசிரியர் தினம் வந்தால் போதும்; கன்னிமாடத்துப் பள்ளிகளில் படித்த தோழியர் மேடையேறி, தமக்குக் கற்பித்த கன்னியாஸ்திரிகளை மெழுகுவத்தி என்பர். தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளி தருபவர் என்பர். கேட்போர் கைதட்டுவர். அந்த அம்மையார் எந்தப் பாடம் நடத்தினார், எப்படி நடத்தினார் என்று யாரும் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

இதை எழுதத் தூண்டியது காரியவட்டத்துக் காண்டீனில் அண்மையில் நடந்த ஒரு சொற்போர். எங்களோடு முதுகலை வேதியியல் படிக்கும் தோழி ஒருத்தி, தேர்வு முடிந்ததும் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். உடனே மேசை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ‘நல்ல மூளை வீணாகப் போகிறதே’ என்றது ஒரு கட்சி. ‘எவ்வளவு பெரிய தியாகம்!’ என்று கண் கலங்கியது மறு கட்சி. ‘நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகிறேன்’ என்று அவள் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். எந்தக் கட்சியின் காதிலும் அது விழவில்லை.

நான் கத்தோலிக்கச் சமயத்தவள் அல்லேன். துறவறம் சிறந்ததா, இல்லறம் சிறந்ததா என்ற பழைய பட்டிமன்றத்திற்கும் நான் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு வகுப்பறை. தந்தையார் வேலையை முன்னிட்டுச் சாலைக் கடைத்தெருப் பக்கம் நாங்கள் குடிவரும் முன்பு, குமரி மாவட்டத்தில் ஒரு கன்னிமாடத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அங்கே எங்களுக்கு அறிவியல் எடுத்த சிஸ்டர், மடத்துத் தோட்டத்துச் செம்பருத்திப் பூவைப் பறித்து வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை நான்கு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி வைப்பார். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் சுண்ணாம்புத் தெளிநீர், ஒன்றில் சோப்பு நீர். எது எந்த நிறமாகும் என்று முதலில் நாங்கள் எழுதிவைக்க வேண்டும், பிறகுதான் ஊற்றுவார். மாற்றி எழுதியவளை அவர் கடிந்துகொண்டதில்லை. ‘ஏன் அப்படி நினைத்தாய்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருத்தல் சில வேளை ஒரு நிமிடத்துக்கு மேலும் நீளும். நான்காவது குவளையில் ஒன்றும் சேர்க்கமாட்டார். அது எதற்கு என்று அன்று விளங்கவில்லை. மாற்றத்தை அளக்க வேண்டுமானால் மாறாத ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் விளக்கியபோது, எனக்கு அது பழைய செய்தி.

இதற்குப் பெயர் திறமை. ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத் தீட்டிய திறமை. இதைத் தியாகம் என்று புகழ்வது, நல்ல தச்சரைப் பார்த்து ‘நீர் எவ்வளவு வியர்வை சிந்துகிறீர்!’ என்று மட்டும் பாராட்டுவது போன்றது.

மூளை வீணாகிறது என்ற கட்சிக்கு ஒரு சொல். நம் துறையில் முதல் வகுப்பில் தேறி வங்கித் தேர்வு எழுதப் போனவர்களைப் பற்றி நாம் இப்படி வருந்தியதுண்டா? மடத்தில் சேருவது ஒரு நாள் உணர்ச்சியில் முடிகிற காரியமும் அன்று. நவகன்னியாக இருக்கும் காலம் குறைந்தது 12 மாதம். அதன் பின் எடுக்கும் முதல் வார்த்தைப்பாடு தற்காலிகமானது. அது மூன்றாண்டுக்குக் குறையக் கூடாது. இத்தனைக்கும் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. திருச்சபைச் சட்டமே யோசித்துப் பார்க்க இவ்வளவு காலம் கொடுத்திருக்கிறது. திருமணத்திற்கு நம் வீடுகளில் இதில் பத்தில் ஒரு பங்கு காலமாவது கொடுக்கிறார்களா?

கன்னியர் பள்ளி நடத்துவது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் திரெந்துச் சங்கம் கன்னியர் மதிலுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்ற விதியை இறுக்கிற்று. வெளியே வந்து பெண் குழந்தைகளுக்குக் கல்வி தரவேண்டும் என்று 1609இல் ஒரு சபையைத் தொடங்கினார் மேரி வார்டு என்ற ஆங்கிலப் பெண்மணி. 1631இல் போப் எட்டாம் உர்பன் அந்தச் சபையைக் கலைத்தார். மேரி வார்டு சிறிது காலம் சிறையிலும் வைக்கப்பட்டார். கலைத்த சபை வேறு வடிவங்களில் மீண்டும் துளிர்த்தது. கல்கத்தாவிலும் டார்ஜிலிங்கிலும் பெயர் பெற்ற லொரெட்டோ கன்னியர் அந்த மரத்தின் கிளையே. மதிலுக்கு வெளியே எளிய வார்த்தைப்பாட்டோடு பணி செய்யும் இத்தகைய கன்னியரையும் முழுத் துறவியர் என்று போப் பதின்மூன்றாம் லியோ ஏற்றுக்கொண்டது 1900ஆம் ஆண்டில்தான். ஆக, வகுப்பறையில் நிற்கும் உரிமை கன்னியர்க்குத் தானாகக் கிடைத்ததன்று. கேட்டுப் பெற்றது, கேட்டதற்குத் தண்டனையும் பெற்றது.

நம் பக்கத்துக் கதையும் சுவையானதே. 1844இல் புதுச்சேரியில் துய்ப்புய் என்ற பிரெஞ்சுக் குரு, பெண்களுக்குக் கல்வி கொடுப்பதற்காகவே தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்த இருவருள் அவரும் ஒருவர். இந்தக் கேரள மண்ணில் 1866இல் கூனம்மாவு என்ற ஊரில் முதல் மடத்தைத் தொடங்கிய மூவரில் மூத்தவர் எலீஸ்வா; இளம் வயதில் கணவரை இழந்தவர். மற்ற இருவர் அவருடைய மகளும் தங்கையும். மடம் எழுந்த இரண்டே ஆண்டில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். எலீஸ்வா அம்மையாருக்கு 2025 நவம்பரில் வல்லார்பாடத்தில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

எனக்கு நெருக்கமான ஊர் முளகுமூடு. 1897 நவம்பரில், பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மீஸ்தர் என்ற அகுஸ்தீன் சபைக் கன்னியர், இளந்துறவி ஒருவரை மட்டும் துணைகொண்டு அங்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 40. அன்று முளகுமூடு திருவிதாங்கூர் அரசின் பகுதி. தலைநகர் இந்தத் திருவனந்தபுரம். 1956 நவம்பர் முதல் நாள் தென் வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்ததால் இன்று நான் எல்லை தாண்டிப் படிக்க வந்தவளாக இருக்கிறேன். ஊர் மொழி அறியாத அந்த இருவரை அனாதைக் குழந்தைகளைப் பேணுவதற்காக அழைத்திருந்தார்கள். குழந்தைகளுக்குச் சோறு போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. பாடம் வந்தது, பின்னல் வேலை வந்தது, முளகுமூட்டு லேஸ் என்று ஒரு கைத்தொழிலே வேரூன்றியது. (நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெண்களுக்குப் பள்ளியும் லேஸும் கொண்டுவந்துவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருமை ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று.) 1910இல் அதே முளகுமூட்டுச் சபை பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் போய்ப் பள்ளிகள் நடத்தலாயிற்று. தென் திருவிதாங்கூரின் ஒரு சிற்றூரில் பிறந்த சபை கடல் கடந்து சென்றது என்பது நம் பாடநூல் எதிலாவது இருக்கிறதா? நான் கண்டதில்லை.

கற்பித்தலை மறந்துவிடும் பழக்கம் நமக்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். 2008இல் புனிதர் பட்டம் பெற்ற அல்போன்சா அம்மையார் வாகக்காட்டுப் பள்ளியில் ஓராண்டளவு ஆசிரியையாக இருந்தவர். பரணங்கானம் போய்வரும் பக்தர்கள் அவருடைய நோயையும் வேதனையையும் சொல்வார்கள்; வாகக்காட்டு வகுப்பைச் சொல்பவர் அரியர். அன்னை தெரசா 1931 முதல் 1948 வரை கல்கத்தாவின் எண்டாலிப் பகுதிப் பள்ளியில் ஆசிரியை. பூகோளமும் வரலாறும் நடத்தினார். 1944இல் தலைமையாசிரியை ஆனார். அந்தப் பதினேழு ஆண்டுகளை உலகம் ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. நோயுற்றால் நினைக்கிறோம், நோயாளியைத் தொட்டால் நினைக்கிறோம். கரும்பலகையில் எழுதினால் மட்டும் நினைப்பதில்லை.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். துறவியைப் பற்றிப் பேசும்போது சம்பளம் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பர். இந்த விஷயத்தில் நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை வழக்கு நடந்திருக்கிறது என்பதை அவர்கள் அறியவேண்டும்.

அரசு உதவி பெறும் பள்ளியில் கன்னியாஸ்திரிக்கும் மற்ற ஆசிரியைக்கும் ஒரே ஊதியம். கேரளத்தில் இதைச் சட்டமாக்கியது, ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்தபோது இந்தத் திருவனந்தபுரத்துச் சட்டசபையில் நிறைவேறிய கேரளக் கல்விச் சட்டம். 1957இல் மசோதா, 1958இல் சட்டம். உதவி பெறும் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தை மேலாளர் கையில் கொடுக்காமல் அரசே நேராகவோ தலைமையாசிரியர் வழியாகவோ கொடுக்கும் என்றது அது. நியமன உரிமை போகிறதே என்று சபைகள் கொதித்தன. 1959இல் விமோசன சமரம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை 31இல் அமைச்சரவையே கலைக்கப்பட்டது. முண்டசேரியும் கத்தோலிக்கர்தாம், கத்தோலிக்கக் கல்லூரியொன்றில் பேராசிரியராக இருந்தவர்தாம். அவ்வளவு எதிர்ப்புக்கிடையே வந்த அந்தச் சட்டம், கன்னியாஸ்திரி ஆசிரியையின் பெயரை அரசாங்கச் சம்பளப் பட்டியலில் உறுதியாக எழுதி வைத்தது. இதை இரு தரப்பாரும் அன்று கவனித்ததாகத் தெரியவில்லை!

வருமான வரிதான் பிற்காலத்தில் வம்பை வளர்த்தது. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த துறவியின் வருவாய் சபைக்கே போய்விடுகிறது என்பதால் அதற்கு வரி வேண்டியதில்லை என்று 1944லும் 1977லும் சுற்றறிக்கைகள் இருந்தன. அவற்றைக் காட்டிப் பல்லாண்டுகள் வரி பிடிக்கப்படாமல் இருந்தது. 2015இல் தமிழ்நாட்டில் பிடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு வந்தது. வார்த்தைப்பாட்டோடு துறவி சட்டத்தின் கண்ணில் இறந்தவராகிறார், ஆகவே ஊதியம் அவருடையதன்று என்பது சபைகளின் வாதம். 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதை ஏற்கவில்லை. 2021இல் கேரள உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024 நவம்பர் 7இல் உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளிவிட்டது. ஊதியம் ஆசிரியைக்கு வருகிறது. வந்த பின் அவர் அதைச் சபைக்குக் கொடுக்கிறார். கொடுத்துவிட்டதால் அது அவர் ஈட்டியதில்லை என்றாகாது.

இத்தீர்ப்பு சமயத்தின் மேல் விழுந்த அடி என்று வருந்துவோர் உண்டு. அவர்கள் வருத்தத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பணம் பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகளின் சோறாகிறது. முதிய கன்னியரின் மருந்தாகிறது. கைச்செலவுக்குக்கூட மடத்துத் தலைவியைக் கேட்கும் ஒருவரிடம் வரி பிடிப்பது கேட்கவே விந்தையாக இருக்கிறது. ஆயினும் நான் இத்தீர்ப்பை வரவேற்கிறேன். பி.எட். சான்றிதழைக் காட்டியபோது உயிரோடு இருந்தவர், வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் கையெழுத்திட்டபோது உயிரோடு இருந்தவர், சம்பளம் வரும் நாளில் மட்டும் இறந்துபோவது எப்படி? எனக்குச் செம்பருத்தி நீரைக் காட்டியவர் இறந்தவர் அல்லர். ‘இது இவர் உழைத்துப் பெற்றது’ என்று ஒரு நீதிமன்றம் சொல்வது, நூறு மெழுகுவத்திப் பேச்சைவிட அவருக்குச் செய்த பெரிய மரியாதை. அவர் கொடுப்பதும் அப்போதுதான் கொடை ஆகும். தன்னுடையதல்லாத பொருளை யார் கொடையாகக் கொடுக்க முடியும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. வயநாட்டில் கணித ஆசிரியையாக இருந்த கன்னியாஸ்திரி ஒருவரை 2019இல் அவருடைய சபை நீக்கியது. 2018இல் கொச்சியில் கன்னியர் நடத்திய போராட்டத்தை ஆதரித்தவர் அவர். கார் வாங்கினார், நூல் வெளியிட்டார், ஊதியத்தைச் சபையிடம் ஒப்படைக்கவில்லை என்பன அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களுள் சில. வத்திக்கானும் அவருடைய முறையீட்டை ஏற்கவில்லை. தானே விரும்பி எடுத்த வார்த்தைப்பாட்டை மீறினார் என்பது சபையின் நிலை. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் முப்பது வயதில் மனமுவந்து கொடுத்தவள் ஐம்பது வயதில் ‘ஏன்?’ என்று கேட்டால், கேட்பதற்கு மடத்துக்குள்ளேயே ஓர் இடம் இருக்கவேண்டாமா? குழந்தைகளை ‘ஏன்?’ என்று கேட்கப் பழக்கும் பெண்களின் வீடல்லவா அது?

காண்டீன் கட்சிகள் இரண்டிற்கும் நான் சொல்வது இவ்வளவே. நம் தோழி போகட்டும். போகவேண்டாம் என்றும் தோன்றினால் போகாதிருக்கட்டும். அவளைப் புகழ்வதானாலும் இகழ்வதானாலும், பத்தாண்டு கழித்து அவளுடைய வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். இந்த நகரில் வழுதக்காட்டுக் கார்மல் பள்ளியும், ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டும், 1964இல் தொடங்கிய ஆல் செயின்ட்ஸ் கல்லூரியும் இருக்கின்றன. ஓய்வுபெற்ற கன்னியாஸ்திரி ஆசிரியைகள் இங்கே பலர். அவர்களில் தமிழ் பேசுவோரும் இருப்பர். மடங்களில் சேரும் இளம்பெண்கள் குறைந்துவரும் காலம் இது. இவர்களுக்குப் பின் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள். வரும் ஆண்டு விழாவுக்கு அவர்களுள் ஒருவரை அழைப்போம். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு கரும்பலகையும் ஒரு மணி நேரமும் கொடுப்போம். முதல் ஆண்டில் அந்தப் பாடத்தை எப்படி நடத்தினீர்கள், முப்பதாம் ஆண்டில் எதை மாற்றினீர்கள், எந்தப் பாடம் கடைசி வரை பிள்ளைகளுக்குப் புரியவே இல்லை என்று கேட்போம். யாரை அழைக்கலாம் என்று யோசனை உள்ளவர்கள் இம்மாதக் கடைசிக்குள் செயலாளரிடம் பெயரைக் கொடுத்தால் நலம்.